கைதிக்கு ஒரு மணி நேரம் வானம்... நம்ம பசங்களுக்கு?

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் சூடாவும் இருக்கும். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

சாயங்காலம் நாலரை மணிக்கு அண்ணனூர்ல எந்தத் தெருமுனையில வேணா நில்லுங்க. ஸ்கூல் வேன் ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். இறங்குற பசங்க மூஞ்சியைப் பாருங்க. அஞ்சாவது, ஆறாவது படிக்கிற பொடிசுங்க. எத்தனை பேர் மூக்கு மேல கண்ணாடி! நான் படிச்ச காலத்துல வகுப்புக்கு ஒருத்தன் கண்ணாடி போட்டிருப்பான், அவனுக்கு 'சோடாபுட்டி'ன்னு பட்டப்பேர் வெச்சு உயிரை எடுப்போம். இன்னிக்குக் கண்ணாடி போடாதவனுக்குத்தான் பட்டப்பேர் வைக்கணும் போல.

ஏன் இப்படின்னு யாரைக் கேட்டாலும் பதில் ரெடியா இருக்கு. "எல்லாம் இந்த செல்போனால சார்." ஸ்கூல்ல கேட்டா செல்போன். அப்பா அம்மாவைக் கேட்டா செல்போன். பாட்டியைக் கேட்டா "பொன்னாங்கண்ணிக் கீரை எங்க சாப்பிடுதுங்க"ன்னு பதில் வரும். (கீரை நல்லதுதான், சாப்பிடுங்க. ஆனா கிட்டப்பார்வையைக் கீரை தடுக்காது.)

எதிர் வீட்டு அக்கா போன மாசம் சொன்னாங்க: "தம்பி, பையனுக்கு மைனஸ் ஒண்ணரைன்னுட்டாங்க. போனைப் பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்."

"சரிக்கா. இப்ப சாயங்காலம் என்ன பண்றான்?"

"என்ன பண்ணுவான்? ரூம்லயே உக்காந்து படிக்கிறான்."

இங்கதான் எனக்குக் கோபம் வருது. போனைப் பூட்டினாங்க, கூடவே பையனையும் பூட்டிட்டாங்க. பூட்டினதுல எது கண்ணுக்குக் கெடுதல்னு யாரும் யோசிக்கலை. என் கட்சி ரொம்பச் சின்னது. தூரம் பார்க்காத கண்ணுக்குத் தூரம் தெரியாமப் போகும். நம்ம பசங்களைச் சுத்தி நாம கட்டின சுவர்தான் முதல் குற்றவாளி. செல்போன் அதுக்குக் கூட்டாளி, அவ்வளவுதான்.

ஒரு பையனோட ஒரு நாளை அளந்து பார்ப்போம். பத்தடி ஹால்ல எழுந்திரிக்கிறான். வேன்ல ஏறுறான், முன்னாடி ஒரு அடியில இன்னொருத்தன் முதுகு. வகுப்பு இருபதுக்கு இருபது. அவன் கண்ணு அன்னிக்கு முழுக்கப் பார்க்கிற மிகப் பெரிய தூரம் கரும்பலகை. திரும்ப வேன். அப்புறம் ஏதோ ஒரு மாடியில டியூஷன், அங்க இதைவிடச் சின்ன ரூம். ராத்திரி எட்டு மணிக்கு வீடு. கண் டாக்டர்கிட்ட எழுத்துப் பலகையை 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி வெச்சுப் பார்ப்பாங்க இல்லையா? அந்தத் தூரத்துக்கு மேலதான் கண்ணோட தசை கிட்டத்தட்ட முழுசா ஓய்வெடுக்குது. நம்ம பையனோட கண்ணு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அந்த 20 அடிக்கு உள்ளேயே வேலை செய்யுது. வாரத்துல ஆறு நாள். வருஷத்துல பத்து மாசம். பன்னெண்டு வருஷம்.

அடைச்சு வெச்சா கண்ணுக்கு என்ன ஆகும்? இதை நான் கற்பனையில சொல்லலை. அடைபட்டவங்களைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல அங்கோலான்னு ஒரு சிறை. ராபர்ட் கிங்னு ஒரு கறுப்பின மனுஷர் அங்க 29 வருஷம் தனிச்சிறையில இருந்தார். அறை ஆறடிக்கு ஒன்பதடி. ஒரு நாளைக்கு 23 மணி நேரம் அதுக்குள்ள. 2001-ல வெளிய வந்தார். வந்த பிறகு அவர் மேடைகள்ல சொன்னதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப உலுக்குச்சு. தூரத்துல இருக்கிறதைப் பார்க்கிற பழக்கமே கண்ணுக்கு விட்டுப் போச்சு, தெரிஞ்ச தெருவுலயே திசை குழம்பிப் போகுதுங்கிறார். யோசிச்சுப் பாருங்க. பூட்டைத் திறந்து விட்டாச்சு. ஆனா மனுஷன் ஒன்பதடியைத் தன் கண்ணுக்குள்ள வெச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கார்.

நீர்மூழ்கிக் கப்பல்ல போறவங்க குற்றவாளிங்க இல்லையே, சம்பளம் வாங்கிட்டுப் போறவங்க. மாசக்கணக்கா இரும்புக் குழாய்க்குள்ள வாழ்க்கை. எங்க திரும்பினாலும் சில மீட்டர்ல ஒரு தடுப்பு. அமெரிக்கக் கடற்படையோட ஆராய்ச்சிக்கூடம் 1960கள், 70கள்ல இவங்க பார்வையைத் தொடர்ந்து சோதிச்சுப் பார்த்துச்சு. இளம் வீரர்களுக்குக் கிட்டப்பார்வை கூடுதுன்னு பதிவு பண்ணியிருக்காங்க.

1961-ல பிரான்சிஸ் யங்னு ஒரு ஆராய்ச்சியாளர் குரங்குகளை வெச்சு ஒரு சோதனை பண்ணினார். சுமார் 50 சென்டிமீட்டருக்கு மேல எதையும் பார்க்க முடியாதபடி சுத்தி மறைப்பு. வேற ஒண்ணும் பண்ணலை. அடிக்கலை, பட்டினி போடலை. சில மாசத்துல அதுங்களுக்குக் கிட்டப்பார்வை வந்துருச்சு. குரங்கு செல்போன் பார்த்துச்சா?

1978-ல ஜோஷ் வால்மன் குழு கோழிக்குஞ்சுகளோட பார்வைப் பரப்பைக் கொஞ்சம் சுருக்கி வெச்சுப் பார்த்தாங்க. அதுங்களுக்கும் கடுமையான கிட்டப்பார்வை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளைக் 'கோழிப்பண்ணை'ன்னு நாம கிண்டல் பண்றோமே, அந்த உவமை எவ்வளவு பொருத்தம்னு சொன்னவங்களுக்கே தெரிஞ்சிருக்காது :-)

இதுக்கு உள்ள இருக்கிற பொறிமுறை எளிமையானது. பிறந்த குழந்தையோட கண் சின்னது. வளர வளர நீளுது. பெரியவங்க கண் முன்னால இருந்து பின்னால வரைக்கும் சுமார் 24 மில்லிமீட்டர். எங்க நிறுத்தணும்னு கண்ணுக்குச் சொல்றது அது பார்க்கிற உலகம்தான். கிடைக்கிற உலகம் கிட்டத்துலயே இருந்தா, கண்ணு அதுக்கு ஏத்த மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. ஒரு மில்லிமீட்டர் கூட நீண்டா ரெண்டரையில இருந்து மூணு வரைக்கும் மைனஸ் பவர். அதுக்கப்புறம் நீண்ட கண்ணு சுருங்காது. இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. கண்ணாடி போட்டா எழுத்துத் தெரியும், லேசர் பண்ணினா கண்ணாடியும் கழண்டுடும். ஆனா நீண்ட கண்ணு நீண்ட கண்ணுதான். இழுபட்டு மெலிஞ்ச விழித்திரை பின்னாளில கிழியலாம், கழண்டு போகலாம். கண்ணழுத்த நோய்க்கும் வாய்ப்புக் கூடும். பவர் ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறும்.

இது கண்ணோட கதை. மூளையோட கதை வேற.

தூரத்தை அளக்கிறது கண்ணு மட்டும் இல்ல, மூளை. எங்க அண்ணனூர் பிளாட்பாரம் முனையில நின்னு ஆவடிப் பக்கம் பாருங்க. தண்டவாளம் ரெண்டும் போகப் போகச் சேர்ற மாதிரி தெரியும். அது சேரலைன்னு உங்களுக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தா? நடந்து நடந்து, ஓடி ஓடி, பந்தை எறிஞ்சு, கேட்ச்சை விட்டு, சைக்கிள்ல இருந்து விழுந்து நீங்களே கத்துக்கிட்டது. கிட்டத்துல இருக்கிறதுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் உதவும். தூரம் போகப் போக அந்த உதவி குறையும். அப்புறம் பழக்கம்தான் கணக்கு: ஆள் எவ்வளவு சின்னதாத் தெரியறான், மரம் எப்படி மங்குது, நாம நகரும்போது எது வேகமா நகருது, எது மெதுவா நகருது.

1963-ல ஹெல்ட், ஹைன்னு ரெண்டு பேர் செஞ்ச பூனைக்குட்டிச் சோதனை ஒண்ணு இருக்கு. இருட்டுல வளர்த்த ரெண்டு குட்டிகளை ஒரு ராட்டினத்துல கட்டினாங்க. ஒண்ணு தன் காலால நடந்து ராட்டினத்தைச் சுத்தும். இன்னொண்ணு தொட்டில்ல உக்காந்துக்கிட்டு சும்மா கூடவே சுத்தும். ரெண்டும் பார்த்தது ஒரே காட்சி. கடைசியில நடந்த குட்டிக்கு ஆழம், தூரம் எல்லாம் தெரிஞ்சுது. உக்காந்து வந்த குட்டிக்குத் தெரியலை. பள்ளத்தையும் மேட்டையும் பிரிச்சுப் பார்க்க முடியலை.

இதைப் படிச்சப்ப எனக்கு ஸ்கூல் வேன்தான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பசங்க ஊரைப் பார்க்கலைன்னு யார் சொன்னது? தினமும் ரெண்டு தடவை ஜன்னல் வழியாப் பார்க்கிறாங்க. தொட்டில்ல உக்காந்த பூனைக்குட்டியாப் பார்க்கிறாங்க. பன்னெண்டு வயசுப் பையன் வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு வழி சொல்லத் தெரியாம முழிக்கிறான். "அங்கிள், கூகுள் மேப்ல போட்டா வரும்"ங்கிறான். அவன் மேல தப்பு இல்ல. அவன் கால் அந்த வழியை ஒருநாளும் அளக்கலை.

காங்கோ காட்டுல வளர்ந்த கெங்கேங்கிற ஒருத்தர் கதையும் உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். மானுடவியலாளர் காலின் டர்ன்புல் எழுதினது. அடர்ந்த காட்டுலயே வாழ்ந்தவரை வெட்டவெளிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, ரொம்ப தூரத்துல மேய்ஞ்ச எருமைக் கூட்டத்தைப் பார்த்து "இது என்ன பூச்சி?"ன்னு கேட்டாராம். ஒரே ஒரு ஆளோட கதை, அதை வெச்சுக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனா பூனைக்குட்டியும் ராபர்ட் கிங்கும் சொல்றது அதே திசையிலதான் இருக்கு.

இதுல ஒரு நல்ல சேதி உண்டு. அந்த உக்காந்த பூனைக்குட்டியை வெளிச்சத்துல சுதந்திரமா நடமாட விட்டதும் ரெண்டே நாள்ல தேறிடுச்சு. மூளை மன்னிக்கும். கண்ணோட நீளம் மன்னிக்காது.

சரி, இப்ப சண்டைக்கு வர்றவங்களை ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க.

"சார், இது பரம்பரை. அப்பாவுக்குக் கண்ணாடி, பிள்ளைக்கும் கண்ணாடி."

பரம்பரைக்குப் பங்கு இருக்கு, மறுக்கலை. ஆனா 2008-ல வந்த ஒரு ஒப்பீட்டைப் பாருங்க. சிட்னியிலயும் சிங்கப்பூர்லயும் வாழுற, 6, 7 வயசு, சீன வம்சாவளிப் பிள்ளைகள். ரெண்டு ஊர்லயும் அப்பா அம்மா கிட்டப்பார்வை கிட்டத்தட்ட ஒரே அளவு. சிங்கப்பூர்ப் பிள்ளைகள்ல 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில 3.3 சதவீதம். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் இன்னும் அதிகமாவே படிச்சிருக்காங்க. அப்புறம் என்ன வித்தியாசம்? சிட்னியில வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளிய இருக்காங்க. சிங்கப்பூர்ல 3.05 மணி நேரம். ரத்தம் ஒண்ணு, வானம் வேற.

"செல்போன் காரணமே இல்லைங்கிறியா?"

அந்த ஒப்பீட்டுக்குக் கணக்கெடுத்தப்ப எந்தப் பிள்ளை கையிலயும் ஸ்மார்ட்போன் இல்ல! இருந்தும் 29 சதவீதம். போன் நல்லதுன்னு நான் சொல்ல வரலை. கிட்டத்துல வெச்சுப் பார்க்கிற எதுவும் அதிகமானா கெடுதல்தான், பாடப் புத்தகம் உள்பட. என் சண்டை என்னன்னா, போனைப் பிடுங்கிட்டுக் கையில கைடைக் குடுத்து அதே ரூம்ல உக்கார வெச்சா கண்ணுக்கு என்ன மாறுச்சு? முப்பது சென்டிமீட்டர் முப்பது சென்டிமீட்டர்தான்.

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

கொரோனா காலத்தை மறந்துட்டீங்களா? உலகமே பிள்ளைகளை வீட்டுல அடைச்சுது. சீனாவுல ஃபெய்ச்செங்ங்கிற ஊர்ல வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதனை நடக்கும். 2015-ல இருந்து 2019 வரைக்கும் 6 வயசுப் பிள்ளைகள்ல கிட்டப்பார்வை அதிகபட்சமா 5.7 சதவீதம். அஞ்சு மாச அடைப்புக்குப் பிறகு 2020-ல எடுத்தாங்க, 21.5 சதவீதம். 7 வயசுல 16.2-ல இருந்து 26.2. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாம எடுத்த சோதனை, அதனால கொஞ்சம் கூடுதலாக் காட்டியிருக்கலாம். சரி, பாதியை மட்டும் நம்புங்க. பாதியே பயமாத்தான் இருக்கு.

நம்ம ஊர்ல ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2020 மார்ச்சுல மூடின பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்துச்சு. அவங்க அஞ்சு மாசம். நாம பத்தொன்பது மாசம்! தொற்று நேரத்துல மூடினது தப்புன்னு சொல்லலை. திறந்த பிறகு "பாடம் போச்சு, பாடம் போச்சு"ன்னு கதறினோமே, போன வானத்தைப் பத்தி ஒருத்தராவது பேசினோமா? விட்ட பாடத்தைப் பிடிக்கணும்னு இருந்த பி.டி. பீரியடையும் சேர்த்துப் பிடுங்கினோம்.

"வெயில் கொல்லுது, எப்படி வெளிய விடுறது?"

உச்சி வெயில்ல யார் விடச் சொன்னா? வகுப்பறைக்குள்ள வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெட்டவெளியில பகல்ல லட்சத்தைத் தொடும். மர நிழல்ல கூடப் பல ஆயிரம் இருக்கும். பிரகாசமான வெளிச்சம் பட்டா விழித்திரையில டோபமின்னு ஒரு வேதிப்பொருள் சுரக்குது, அது கண்ணு அதிகமா நீளாம தடுக்குதுங்கிறது இப்ப முன்னணியில இருக்கிற விளக்கம். வெளிச்சமா, தூரமா, எதுக்குப் பங்கு அதிகம்னு விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. நமக்கென்ன? ரெண்டும் ஒரே கடையில இலவசமாக் கிடைக்குது. காலையில ஏழுல இருந்து எட்டு, சாயங்காலம் நாலரையில இருந்து ஆறு. மரம் இருந்தா போதும். மரத்தையும் வெட்டிட்டோம்னா அது வேற பதிவு.

"வெளிய விட்டா மார்க் போயிடும்."

2015-ல வெளியான குவாங்சோ ஆய்வைப் பாருங்க. ஒண்ணாவது படிக்கிற பிள்ளைகள். பாதிப் பள்ளிகள்ல தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளிய ஒரு பீரியட். மீதிப் பள்ளிகள்ல வழக்கம் போல. மூணு வருஷம் கழிச்சு, வெளிய போனவங்கள்ல புதுசாக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம், போகாதவங்கள்ல 39.5. நாப்பதே நிமிஷம், நம்ம ஊரு ஒரு பீரியட்! தைவான்ல 2010-ல இருந்து பள்ளிகள்ல தினமும் 120 நிமிஷம் வெளியங்கிறதை நாடு முழுக்கக் கொண்டு வந்தாங்க. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போன பார்வைக் குறைபாடு 2011-ல 50 சதவீதத்தைத் தொட்டிருந்துச்சு, 2015-ல 46.1-க்கு இறங்குச்சு. படிப்புல தைவான்காரன் நம்மளைவிடக் கீழ போயிட்டானா என்ன? ஒண்ணு மட்டும் சொல்லணும். வெளிய விடுறது கிட்டப்பார்வை வராம தடுக்கத்தான் நல்லா உதவுது. வந்த பிறகு அதோட பலன் குறைவு. அதனால "பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் விளையாடலாம்"ங்கிற சமாதானம் உதவாது. ஆறு வயசுல விட்டதைப் பதினாறு வயசுல பிடிக்க முடியாது.

"பொம்பளப் பிள்ளையை எப்படி வெளிய அனுப்புறது?"

இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற கேள்வி. பையனுக்காவது ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்னு ஒண்ணு இருக்கு. வயசுக்கு வந்த பொண்ணுக்கு மொட்டை மாடியும் கிடையாது. "யாராவது பார்ப்பாங்க." அவங்க பார்க்கிறது இருக்கட்டும், இந்தப் பிள்ளை எதைப் பார்க்கும்? தெரு பாதுகாப்பு இல்லைன்னா அது தெருவைச் சரி பண்ண வேண்டிய காரணம். பிள்ளையை உள்ள பூட்டுறதுக்குக் காரணமா அதைக் காட்டாதீங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். 2015-ல ஐ.நா. சபை கைதிகளை நடத்த வேண்டிய குறைந்தபட்ச விதிகளைத் திருத்தி, நெல்சன் மண்டேலா பேர் வெச்சுது. அதுல 23-வது விதி: வெளி வேலைக்குப் போகாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை அனுமதிச்சா, தினமும் குறைந்தபட்சம் ஒரு மணி நேரம் திறந்தவெளியில உடற்பயிற்சி. 1860-ல வெள்ளைக்காரன் எழுதின தண்டனைச் சட்டத்துலயே தனிச்சிறை ஒரே மூச்சுல 14 நாளைத் தாண்டக் கூடாதுன்னு இருந்துச்சு. இப்ப வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் அது இருக்கு. எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துலதான் புழல் சிறை. அங்க இருக்கிறவங்களுக்கும் ஒரு மணி நேரம் வானம் வேணும்னு உலகமே ஒத்துக்குது. அது சரி, கட்டாயம் வேணும். நம்ம தெருவுல இருக்கிற ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நேத்திக்கு எத்தனை நிமிஷம் வானம் கிடைச்சுதுன்னு கேட்டா ஏன் நாம தலையைச் சொறியிறோம்?

ஸ்கூலையும் ஜெயிலையும் ஒண்ணாக்காதேன்னு சொல்லாதீங்க. வித்தியாசம் எனக்குத் தெரியும். கைதிக்கு விதி எழுதி வெச்சிருக்கான், மீறினா கோர்ட்டுக்குப் போகலாம். பிள்ளைக்கு?

விதி இல்லாம இல்ல. விதி எப்படி இருக்குன்னு பாருங்க. 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடம் எரிஞ்சு 94 பிஞ்சுங்க போச்சு. அதுக்கப்புறம்தான் தனியார் பள்ளிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நிலம்னு அரசாணை வந்துச்சு. கிராம ஊராட்சின்னா 3 ஏக்கர். பேரூராட்சின்னா 1 ஏக்கர். நகராட்சின்னா 10 கிரவுண்டு. மாவட்டத் தலைநகர்னா 8. மாநகராட்சின்னா 6 கிரவுண்டு. கிரவுண்டுங்கிற வார்த்தைக்கு நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தம். ஒண்ணு விளையாடுற இடம், இன்னொண்ணு 2,400 சதுர அடி. 6 கிரவுண்டுன்னா 14,400 சதுர அடி. கட்டடமும் அதுக்குள்ளதான், வேன் நிறுத்துறதும் அதுக்குள்ளதான். மிச்சம் இருக்கிறதுல எவன் ஓடுவான்?

கூத்தைக் கவனிங்க. கிராமத்துல பள்ளிக்கூடத்துக்கு வெளிய வயல் இருக்கு, ஏரி இருக்கு. அங்க 3 ஏக்கர் கேட்கிறோம். வெளிய ஒண்ணுமே இல்லாத ஊர்ல, பள்ளி மைதானம் ஒண்ணுதான் பிள்ளைக்குக் கதிங்கிற ஊர்ல, 6 கிரவுண்டு போதும்ங்கிறோம். நம்ம ஆவடி 2019-ல மாநகராட்சி ஆச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டோம், பட்டாசும் வெடிச்சோம். அந்த அரசாணைக் கணக்கை அப்படியே வெச்சுப் பார்த்தா, ஊர் ஒரு படி ஏறினதும் பிள்ளையோட மைதானம் 10 கிரவுண்டுல இருந்து 6-க்கு இறங்குது. நிலம் விலை ஜாஸ்தி, அதான் காரணம். விலையைப் பார்த்துக் கண்ணு குறைவா நீளுமா?

மனைப்பிரிவு விதியும் இப்படித்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை போட்டா பத்து சதவீதத்தைத் திறந்தவெளியா விடணும். 3,000-த்துல இருந்து 10,000 வரைக்கும்னா, நிலம் விடலாம், இல்லாட்டி அதுக்கு ஈடாப் பணம் கட்டிடலாம். பணம் கட்டினா போதும்னா எந்த புரோமோட்டர் நிலத்தை விடுவார்? எங்க பக்கம் வயலெல்லாம் பிளாட் ஆன கதை உங்களுக்கே தெரியும். சின்னச் சின்னதாப் போட்ட மனைகள். நாலு திசையிலயும் வீடு, நடுவுல தெரு, தெருவுல கார். பிள்ளையோட வானத்தை சதுர அடிக் கணக்குல வித்துட்டோம்.

ஆவடியைச் சுத்தித் தூரமே இல்லைன்னு சொல்ல முடியாது. டாங்க் ஃபாக்டரி, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்.னு எவ்வளவு பெரிய நிலங்கள்! எல்லாம் காம்பவுண்டுக்கு உள்ள. அதுக்குக் காரணம் இருக்கு, புரியுது. ஆனா மிச்சம் இருக்கிறது ஏரிக்கரைகள்தானே. பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தி நடைபாதை போட்டு 2019-ல பூங்காவாத் திறந்தாங்க. போய்ப் பாருங்க, தண்ணிக்கு அந்தக் கரை வரைக்கும் கண்ணு தடையில்லாம ஓடும். சாயங்காலம் அங்க பிள்ளைங்க ஓடுறதைப் பார்த்தா வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். அது ஒண்ணு போதுமா? அயப்பாக்கம் ஏரிக்கரைக்கு ஏன் அப்படி ஒரு பாதை வேண்டாம்?

அரசாங்கம் 'கண்ணொளி காப்போம்'னு திட்டம் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக் கண்ணாடி குடுத்துச்சு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஏழைப் பிள்ளைக்குப் பலகை தெரிஞ்சது பெரிய விஷயம். ஆனா கண்ணாடி குடுக்கிறதோட வேலை முடிஞ்சு போச்சா? கண்ணாடி தேவைப்படாம இருக்கிறதுக்கு யார் திட்டம் போடுவா?

நான் கேட்கிறது நாலே விஷயம்.

ஒண்ணு, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் 'கடன்' வாங்கக் கூடாது. அது விளையாட்டு பீரியட் மட்டும் இல்ல, கண்ணுக்கான மருந்து. எங்க ஏரியாப் பள்ளி ஒண்ணுல (பேர் வேண்டாம்) வாரத்துக்கு ரெண்டு பி.டி. டைம்டேபிள்ல இருக்கு. பிள்ளைங்களைக் கேட்டா கடைசியாப் போனது எப்பன்னே ஞாபகம் இல்லைங்குதுங்க. அடுத்த பெற்றோர் கூட்டத்துல மார்க்கைக் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.

ரெண்டு, மைதானம் பத்தாத பள்ளிகள் பக்கத்துல இருக்கிற மாநகராட்சித் திடலையோ ஏரிக்கரையையோ காலையில ஒரு மணி நேரம் பயன்படுத்த ஏற்பாடு வேணும். இதுக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்ல. ஒரு கவுன்சிலருக்கு மனசு இருந்தா போதும்.

மூணு, திறந்தவெளிக்குப் பதிலாப் பணம்ங்கிற வழியை அடைக்கணும். சின்ன மனைப்பிரிவா இருந்தா சின்னத் திடல் விடட்டும். அரை கிரவுண்டுல ஒரு வேப்பமரம் நிக்கட்டும்.

நாலு, நம்ம வீடு. தினம் ரெண்டு மணி நேரம் முடியலையா, ஒரு மணி நேரம். கைதிக்குக் குடுக்கிற அளவாவது குடுங்க. டியூஷனுக்கு பைக்ல கொண்டு போய் விடுறதுக்குப் பதிலா நடக்க விடுங்க. கூடவே நீங்களும் நடங்க. பெண் பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. குறிப்பா, அவளைக் கூட்டிட்டுப் போங்க.

இதைப் படிக்கிற பதிவர்கள்ல பாதிப் பேர் மைனஸ் மூணுக்கு மேலன்னு எனக்குத் தெரியும் :-) நம்ம கதை முடிஞ்சது, நம்ம கண்ணு இனிமே சுருங்காது. ஆனா உங்க ஊர்ல எத்தனை பள்ளிக்கு ஓடுற அளவுக்கு இடம் இருக்கு, எத்தனை திடல் பூட்டிக் கிடக்கு, எந்த ஏரிக்கரையில பிள்ளை நடக்க முடியும்னு நீங்க ஆளுக்கு ஒரு பதிவு எழுதலாம் இல்லையா? விருகம்பாக்கத்துல இருக்கிறவர் விருகம்பாக்கத்தை எழுதட்டும், திருச்சிக்காரர் திருச்சியை எழுதட்டும். துபாய்ல பதினெட்டாவது மாடியில பிள்ளை வளர்க்கிற நண்பர்கள் அந்த ஊர்க் கதையை எழுதுங்க. பத்துப் பேர் எழுதினா அதை எடுத்துக்கிட்டு நாலு அலுவலகப் படி ஏற நான் தயார்.

ஆதரிக்கிறவங்க எழுதுங்க. திட்டணும்னா பின்னூட்டத்துல வந்து திட்டுங்க. ஆனா திட்டுறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நீ பார்த்ததுலயே ரொம்ப தூரத்துல இருந்தது என்ன?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க. கரும்பலகைன்னு பதில் வந்தா, திட்டுறதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டு செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. பிள்ளை பலகை தெரியலைன்னு கண்ணைச் சுருக்கினா கண் டாக்டர்கிட்டதான் போகணும், கண்ணாடி எழுதிக் குடுத்தா கண்டிப்பாப் போடணும். "வெளிய விளையாடினா சரியாயிடும்னு ஒருத்தன் எழுதியிருந்தான்"னு சொல்லி என்னை மாட்டி விட்டுடாதீங்க. வர்றதுக்கு முன்னாடி தடுக்கத்தான் வானம். வந்த பிறகு டாக்டர்.